செல்லாது என்று சொல்லும் உரிமை

2018 செப்டம்பர் 16. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம், மெடோலேண்ட்ஸ் குதிரைப் பந்தயத் திடலில் இருக்கும் ஃபேன்டூயல் பந்தயக் கூடம். திரைகளில் அமெரிக்கக் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியிடம் 19-17 என்று பின்தங்கியிருந்த டென்வர் பிராங்கோஸ், ஆட்டம் முடியும் தறுவாயில் பந்தைக் கோல் கம்பத்துக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. உதைக்க வேண்டிய தூரம் 36 கஜம். தேர்ந்த உதையாளர்கள் பெரும்பாலும் தவறவிடாத தூரம் அது. டென்வர் ஜெயிக்கும் என்று ஆறு டாலர் கட்டினால் ஒரு டாலர் லாபம் என்பதுதான் அந்த நேரத்துக்குச் சரியான விகிதம். கணினிக் கோளாறால், ஒரு டாலருக்கு 750 டாலர் என்று திரை காட்டியது. 18 விநாடிகள் மட்டும். அதற்குள் ஒருவர் 110 டாலர் கட்டிச் சீட்டு வாங்கிவிட்டார். டென்வர் 20-19 என்று வென்றது.

கட்டிய பணத்தையும் சேர்த்து அவருக்கு வர வேண்டியது 82,610 டாலர். கூடத்தில் தர மறுத்தார்கள். விகிதம் தவறு, சரியான கணக்கில் லாபம் 18 டாலர் சொச்சம்தான் என்றார்கள். 500 டாலரும் நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணியின் மூன்று ஆட்டங்களுக்கு டிக்கெட்டும் தருகிறோம் என்று சமாதானம் பேசினார்கள். அவர் மசியவில்லை. செய்தி வெளியே வந்தது. மாநிலத்தின் சூதாட்டக் கண்காணிப்புத் துறையும் விசாரிக்கத் தொடங்கியது. சில நாட்களில் நிறுவனம் முழுத் தொகையையும் கொடுத்தது. அதே பிழையில் சீட்டு வாங்கிய மற்றவர்களுக்கும் கொடுத்தது. விதிப்படி கடமை இல்லை, இந்த முறை எங்கள் செலவு என்ற தோரணையில்தான் கொடுத்தது. அந்த மாநிலத்தில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. தொழிலுக்கு நல்ல பெயர் வேண்டியிருந்த காலம்.

எல்லாருக்கும் இப்படிப் பத்திரிகை வெளிச்சம் கிடைக்காது. பந்தயம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தவரிடம், இது செல்லாது, கட்டிய பணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பந்தயம் வாங்கும் புக்மேக்கர் சொன்னால், அந்தத் தகராறை யார் தீர்ப்பது? அதைச் சொல்லும் உரிமை நஷ்டப்படப் போகிறவர் கையிலேயே இருக்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு மிக நீண்ட அனுபவம் உள்ள நாடு பிரிட்டன். அங்கே நடந்ததைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

பிரிட்டனில் ஏறத்தாழ 160 ஆண்டுகள் பந்தயப் பணத்தைக் கேட்டு யாரும் நீதிமன்றம் போக முடியாமல் இருந்தது. 1845ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம், 18ஆம் பிரிவில், பந்தய ஒப்பந்தங்கள் எல்லாமே செல்லாதவை என்று சொல்லிவிட்டது. ஜெயித்தவர் வழக்குப் போட முடியாது. தோற்றுவிட்டுக் கடன் சொன்னவர்மீது புக்மேக்கரும் வழக்குப் போட முடியாது. இரு தரப்பும் போய் நின்ற இடம் டாட்டர்சால்ஸ் கமிட்டி. லண்டனில் குதிரை ஏலம் விட்டுவந்த நிறுவனத்தின் பெயர் தாங்கிய, குதிரைப் பந்தய உலகின் பஞ்சாயத்து அது. அதன் தீர்ப்புக்குச் சட்ட வலிமை இல்லை. ஆனால் கட்டுப்படாதவர் பெயர் குதிரைப் பந்தயத்தை நிர்வகித்த ஜாக்கி கிளப்புக்குப் போகும். பந்தயத் திடல்களுக்குள் அவர் காலெடுத்து வைக்க முடியாது. நம் ஊரில் ஊரை விட்டு விலக்கிவைத்ததைப் போன்ற தண்டனை.

இந்தப் பஞ்சாயத்தின் எல்லை 1949இல் தெரிந்தது. வில்லியம் ஹில் நிறுவனத்துக்கு 3,600 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்த ஒருவர், கமிட்டி விதித்த தவணையில் கட்டிவிடுகிறேன், என்னைக் கடன் ஏய்ப்பவன் என்று அறிவிக்க வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். பிறகு கட்டவில்லை. எழுதிக்கொடுத்தது புது ஒப்பந்தம், அதாவது செல்லும் என்று நிறுவனம் வாதாடியது. அன்றைய உச்ச முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. பந்தயப் பணம்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது, 1845ஆம் ஆண்டின் சட்டம் இதையும் தடுக்கிறது என்று பெரும்பான்மை முடிவு செய்தது. வாக்குக்கு மட்டுமே மதிப்பு என்று ஆகிவிட்ட உலகத்தில், வாக்கு மாறினால் பெரிய நிறுவனத்துக்கும் வழியில்லை.

2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இதைத் தலைகீழாக மாற்றியது. ஓர் ஒப்பந்தம் சூதாட்டம் சம்பந்தப்பட்டது என்பதற்காக மட்டும் அதை நிறைவேற்ற முடியாமல் போகாது என்கிறது 335ஆம் பிரிவு. 2007 செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து பந்தயச் சீட்டும் ஒரு வாங்கல் விற்பனை ரசீதைப் போலச் சட்டத்தின் முன் நிற்கிறது. ஆனால் ஒப்பந்தம் என்றால் நிபந்தனைகள் உண்டு, அவற்றை எழுதுகிறவர் புக்மேக்கர். முன்பு வாக்கைக் காப்பாற்றவில்லை என்று சண்டை; இப்போது நாற்பதாம் பக்கத்து உட்பிரிவைப் படிக்கவில்லையா என்று சண்டை.

பந்தயம் செல்லாமல் போவது எல்லாமே ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. பல நேரம் அது பந்தயம் கட்டியவரைக் காப்பாற்றுகிறது. பந்தய நாளில் பணம் கட்டிய குதிரை ஓடவே இல்லையென்றால் பணம் திரும்பி வரும். பல வாரங்களுக்கு முன்பே, நல்ல விகிதத்துக்கு ஆசைப்பட்டுக் கட்டியிருந்தால் பொதுவாகத் திரும்பாது. அந்த அபாயத்துக்குத்தான் அந்த விகிதம். கடைசி நேரத்தில் ஒரு குதிரை விலகினால் மற்ற குதிரைகளின் வாய்ப்புக் கூடுமே, அதற்கு என்ன செய்வது? டாட்டர்சால்ஸ் கமிட்டியின் ‘நாலாம் விதி’ அதற்குத்தான். விலகிய குதிரை எவ்வளவு வாய்ப்புள்ளதோ அந்த அளவுக்கு லாபத்தில் பிடித்தம். பவுண்டுக்கு 5 பென்ஸ் முதல் 90 பென்ஸ் வரை. ஒன்றுக்கு நாலு என்ற விகிதத்தில் 10 பவுண்டு கட்டி ஜெயித்தால் லாபம் 40. விலகியது ஒன்றுக்கு ஒன்று விகிதக் குதிரையாக இருந்தால் பவுண்டுக்கு 45 பென்ஸ் போகும். கைக்கு வருவது 22 பவுண்டு லாபமும் கட்டிய பத்தும். புகார் சொல்கிற பலர் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இந்த விதிகளையே ஆயுதமாக்கிய கதை ஒன்று உண்டு. 1974 ஆகஸ்ட் 26, வங்கி விடுமுறைத் திங்கட்கிழமை. இங்கிலாந்தின் வடமேற்கில் கார்ட்மெல் என்ற சிறு திடல். கே ஃப்யூச்சர் என்ற குதிரைமேல் தனியாகப் பெரும் பணம் கட்டினால் புக்மேக்கர்கள் உஷாராகி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள். அதனால் அயர்லாந்தின் கார்க் நகரக் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரின் கோஷ்டி, லண்டன் கடைகளில் சின்னச் சின்னத் தொகைகளாக, கே ஃப்யூச்சரை வேறு திடல்களில் ஓடவிருந்த இரண்டு குதிரைகளோடு சேர்த்து டபுள், ட்ரெபிள் பந்தயங்களாகக் கட்டியது. சேர்த்துக் கட்டினால் எல்லாம் ஜெயிக்க வேண்டும். எனவே கடைக்காரர்கள் கவலைப்படவில்லை. ஆனால் அந்த இரண்டு குதிரைகளும் ஸ்காட்லாந்தில் உள்ள லாயத்திலிருந்து பந்தயத்துக்குக் கிளம்பவே இல்லை. ஓடாத குதிரை கணக்கிலிருந்து நீங்கினால், சேர்த்துக் கட்டிய பணம் முழுவதும் மிச்சமிருக்கும் குதிரைமேல் ஒற்றைப் பந்தயமாக விழும் என்பது விதி. பார்க்கிறவர்கள் குதிரை வியர்த்துக் களைத்திருக்கிறது என்று நம்பும்படி அதன் காலில் சோப்புத் துகளைத் தேய்த்திருந்தார்கள். கே ஃப்யூச்சர் 15 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. விகிதம் ஒன்றுக்குப் பத்து.

ஒரு பத்திரிகையாளர் லாயத்துக்குப் போன் போட்டுக் கேட்டபோது, மற்ற இரண்டு குதிரைகளும் வயலில் நிற்கின்றன என்று பதில் வந்தது. குட்டு உடைந்தது. பல புக்மேக்கர்கள் பணத்தை நிறுத்திவைத்தார்கள். 1976இல் பிரஸ்டன் நீதிமன்றத்தில் சதிக் குற்றம் நிரூபணமாகி இருவருக்குத் தலா 1,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. இந்த வழக்கை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புக்மேக்கர்களின் சந்தேகம் எப்போதும் வீண் சந்தேகம் என்று நினைப்பது தவறு. போக்கர் ஆட்டக்காரர் ஃபில் ஐவி 2012இல் லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் கிளப்பில் ஜெயித்த 77 லட்சம் பவுண்டைக் கேட்டுப் போட்ட வழக்கிலும், சீட்டுகளின் பின்பக்க அச்சு வித்தியாசத்தை வைத்து ஆடியது ஏமாற்றே என்று 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. ஏமாற்று நடந்தால் பணத்தைப் பிடித்துவைக்கத்தான் வேண்டும். அதை யார் நிரூபிப்பது, எங்கே நிரூபிப்பது என்பதில்தான் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டு வழக்கிலும் நிரூபணம் நீதிமன்றத்தில் நடந்தது.

அடுத்து, கடைக்குக் கடை மாறும் விதிகள். டென்னிஸில் ஒரு வீரர் காயம்பட்டு நடுவில் விலகினால், ஒரு புள்ளி ஆடியிருந்தாலே பந்தயம் செல்லும் என்பார் ஒருவர். ஒரு செட் முடிந்திருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். ஆட்டம் முழுதாக முடிந்தால்தான் என்பார் மூன்றாமவர். மூன்றுமே நியாயமான விதிகள்தான், முன்கூட்டியே தெரிந்தால். கிரிக்கெட்டில் இதைவிடச் சிக்கலான சம்பவம் 2006 ஆகஸ்ட் 20 அன்று ஓவல் மைதானத்தில் நடந்தது. பந்தைச் சேதப்படுத்தியதாக நடுவர்கள் குற்றம் சாட்டியதால் பாகிஸ்தான் அணி தேநீர் இடைவேளைக்குப் பிறகு களமிறங்காமல் எதிர்ப்புக் காட்டியது. நடுவர்கள் டேரல் ஹேரும் பில்லி டாக்ட்ரோவும் ஆட்டத்தை இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். டெஸ்ட் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. 2008இல் ஐசிசி அதை டிரா என்று மாற்றியது. 2009 பிப்ரவரியில் மறுபடி இங்கிலாந்து வெற்றி என்று திருத்தியது. ஒரே ஆட்டத்துக்கு இரண்டரை ஆண்டில் மூன்று அறிவிப்பு! டிரா என்று பணம் கட்டியவர் 2008இல் கடை வாசலில் வந்து நின்றால் என்ன பதில்? ஆட்டம் முடிந்த அன்று அறிவித்த முடிவே பந்தயத்துக்கு முடிவு, பின்னால் நடக்கும் திருத்தம் கணக்கில் வராது என்று புக்மேக்கர்கள் பொதுவாக விதி வைத்திருப்பது இதனால்தான். அந்த விதி இல்லாவிட்டால் எந்தப் பந்தயமும் முடிவுக்கே வராது.

ஆட்டமே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்போது எல்லாப் பந்தயங்களையும் ரத்துசெய்வதும் உண்டு. 2007 ஆகஸ்டில் போலந்தின் சோபாட் நகரில், அப்போது உலகின் 4ஆம் நிலை வீரரான நிகோலாய் டேவிடென்கோ, தரவரிசையில் 87ஆம் இடத்திலிருந்த மார்ட்டின் வசாலோ அர்குவேயோவுடன் ஆடினார். முதல் செட்டை டேவிடென்கோ வென்ற பிறகும் பணம் எதிராளிமேல் குவிந்தது. சுமார் 70 லட்சம் டாலர். அந்த மாதிரி ஆட்டத்துக்கு வழக்கமாக வருவதைவிடப் பல மடங்கு. மூன்றாம் செட்டில் கால் வலி என்று டேவிடென்கோ விலகினார். பெட்ஃபேர் நிறுவனம் அத்தனை பந்தயங்களையும் ரத்துசெய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஓராண்டு விசாரணைக்குப் பிறகு டென்னிஸ் நிர்வாகம் டேவிடென்கோமீது குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை என்று விடுவித்தது. பெட்ஃபேர் ஒரு சந்தை மட்டும்தான். அங்கே பந்தயம் கட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எதிராகக் கட்டுகிறார்கள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அதற்குத் தரகு உண்டு. தன் கைப்பணத்தைக் காப்பாற்ற அது ரத்துசெய்யவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதற்கென அரசுக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் சட்டத்தின் 336ஆம் பிரிவுப்படி, ஒரு பந்தயம் கணிசமான அளவில் நியாயமற்றது என்று பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் முடிவு செய்தால், ஆட்ட முடிவு தெரிந்த ஆறு மாதத்துக்குள் அதைச் செல்லாததாக்கலாம். பணத்தில் பங்கில்லாத ஒரு மூன்றாம் நபர், சட்டம் சொல்லும் காரணங்களை வைத்து, கால வரம்புக்குள் எடுக்கும் முடிவு அது. செல்லாது என்று சொல்லும் உரிமைக்கு நல்ல இலக்கணம் இதுதான் என்பது என் கருத்து.

இதற்கு நேர்மாறானது ‘வெளிப்படையான பிழை’ விதி. கடைக்காரர்கள் பேச்சில் ‘பால்ப்’. விகிதத்தைத் தட்டும்போது புள்ளி மாறிவிட்டது, இரண்டு அணிகளின் விகிதம் இடம் மாறிவிட்டது, ஆட்டம் தொடங்கிய பிறகும் பழைய விகிதமே திரையில் நின்றது என்று பிழை எப்படியும் வரலாம். ஒன்றுக்கு 750 என்பதைப் பார்த்தால் யாருக்கும் பிழை என்று புரியும். ஒன்றுக்கு மூன்று என்று இருக்க வேண்டியது ஒன்றுக்கு ஐந்து என்று வந்திருந்தால்? அதுவும் பிழையா, அல்லது புக்மேக்கரின் கணிப்புத் தப்பியதா? கணிப்புத் தப்புவது அவர் தொழிலின் அபாயம். அதற்காகத்தான் ஒவ்வொரு விகிதத்திலும் தன் லாபத்தை அவர் முன்கூட்டியே சேர்த்து வைக்கிறார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிழையான விகிதத்தில் கட்டிய பந்தயம் தோற்றுப்போனால் பணத்தைத் திருப்பித் தர யாரும் தேடிவருவதில்லை. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போகிறார். அது பிழையான விகிதம் என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது. ஜெயித்தவரின் சீட்டை மட்டும் எடுத்துப் பிழை தேடினால், தோற்றாலும் ஜெயித்தாலும் நஷ்டம் ஒருவருக்கே. ஆகவே தகராறு வரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: பிழையை எப்போது கண்டுபிடித்தீர்கள்? முடிவு தெரிவதற்கு முன்பே கண்டுபிடித்து, அந்த விகிதத்தில் கட்டிய எல்லாருக்கும் சொல்லியிருந்தால் அது திருத்தம். முடிவு தெரிந்த பிறகு, பணம் கேட்டு வந்தவரிடம் மட்டும் சொன்னால், அதை நிரூபிக்கும் பாரம் முழுவதும் புக்மேக்கர்மேல் விழ வேண்டும்.

இதில் மனம் ஒப்பாத ஒரு சம்பவமும் உண்டு. 2011 டிசம்பர் 28, டப்ளின் அருகே லெப்பர்ட்ஸ்டவுன். வோலர் லா வெடெட் என்ற பெண் குதிரை வெற்றியை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பெட்ஃபேர் சந்தையில் யாரோ அதற்கு ஒன்றுக்கு 28 என்ற விகிதத்தில் 2 கோடி பவுண்டுக்கு மேல் பந்தயம் ஏற்றுக்கொள்ளக் காத்திருந்தார்கள். குதிரை ஜெயித்தது. கணக்குப்படி அந்த நபர் தர வேண்டியது 60 கோடி பவுண்டை நெருங்கும். ஒரு வாடிக்கையாளரின் தானியங்கி நிரல் தவறாக ஓடியிருக்கிறது, அவர் கணக்கில் 1,000 பவுண்டுகூட இல்லை, வரம்பு மீறிய பந்தயத்தைத் தடுக்க வேண்டிய எங்கள் அமைப்பு தடுக்கவில்லை என்று பெட்ஃபேர் விளக்கியது. ஓட்டத்தின்போது கட்டியவை எல்லாவற்றையும் ரத்துசெய்தது. 60 கோடியை எங்கிருந்து எடுத்துத் தருவது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தடுப்பு வேலை செய்யவில்லை என்பது நிறுவனமே ஒப்புக்கொண்ட குறை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் திரையை நம்பிக் கட்டியவர்கள்.

திரையை நம்பலாமா என்ற இந்தக் கேள்வி அண்மையில் நீதிமன்றங்களுக்கு வந்திருக்கிறது. வந்தவை விளையாட்டுப் பந்தயங்கள் அல்ல, இணைய சூதாட்ட விளையாட்டுகள். ஆனால் எழுந்த கேள்வி ஒன்றே. 2018 ஜனவரியில் பெட்ஃபிரெட் தளத்தில் ஒருவர் பிளாக்ஜாக் ஆடி 17 லட்சம் பவுண்டுக்கு மேல் ஜெயித்தார். மென்பொருளில் கோளாறு, கோளாறு இருந்தால் எல்லா ஆட்டமும் செல்லாது என்று நிபந்தனை இருக்கிறது என்றது நிறுவனம். விஷயத்தை வெளியே சொல்லாவிட்டால் 60,000 பவுண்டு தருவதாகவும் பேசிப்பார்த்தது. அவர் மூன்று ஆண்டுகள் போராடினார். 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்ற நீதிபதி ஃபாஸ்டர் அவருக்கு முழுத் தொகையும் தரச் சொன்னார். அந்த நிபந்தனைகள் பக்கம் பக்கமான எழுத்துக்குள் புதைந்து கிடந்தன, ஒரு சாதாரண வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எடுத்துக்காட்டப்படவில்லை, சொற்களுக்கும் நிறுவனம் சொல்லும் பொருள் வரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இங்கே துணைக்கு வந்தது. நிபந்தனை நியாயமாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும், இரு பொருள் தந்தால் நுகர்வோருக்குச் சாதகமான பொருளே நிற்கும் என்கிறது அந்தச் சட்டம்.

2025 மார்ச்சில் பேடி பவர் நிறுவனத்துக்கும் இதே அடி விழுந்தது. 2020இல் ஒரு பெண் ஆடிய விளையாட்டில் பெரிய ஜாக்பாட் விழுந்ததாகத் திரை காட்டியது. தொகை 10,97,132 பவுண்டு. நிறுவனம் கொடுத்தது 20,265 பவுண்டு. உள்ளே இருக்கும் கணினி தேர்ந்தெடுத்தது சின்ன ஜாக்பாட், திரை தவறாகக் காட்டிவிட்டது என்று அது வாதாடியது. ரூலெட் சக்கரத்தில் எந்த எண்ணில் குண்டு விழுந்ததோ அதுதான் முடிவு. அதைப் போலத் திரையில் கண்டதே முடிவு என்றுதான் ஆடுகிறவர் எதிர்பார்ப்பார் என்று நீதிபதி ரிச்சி முழுத் தொகையையும் தரச் சொன்னார்.

ஆனால் 2024இல் முறையீட்டு நீதிமன்றம் வேறு ஒரு வழக்கில் எதிர்த்திசையில் போனது. தேசிய லாட்டரியின் உடனடிப் பரிசு விளையாட்டில் 10 பவுண்டு விழுந்த ஒருவர், திரையில் 10 லட்சத்துக்கான எண்களும் பொருந்தின என்று வழக்குப் போட்டார். நிபந்தனைகளை ஏற்கிறேன் என்று அவர் பொத்தானை அழுத்தியிருக்கிறார், நிபந்தனைகள் தெளிவாக இருந்தன, அசாதாரணமான சுமை எதுவும் அவற்றில் இல்லை என்று நீதிமன்றம் அவர் கோரிக்கையைத் தள்ளியது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். நிபந்தனை இருக்கிறது என்பது மட்டும் போதாது. அது கண்ணில் படும் இடத்தில், புரியும் மொழியில் இருந்ததா, நடந்த பிழைக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று நீதிமன்றம் பார்க்கிறது.

நீதிமன்றம் எல்லாருக்கும் எட்டாது. 200 பவுண்டுக்கு வழக்கறிஞர் வைக்க முடியுமா? அதற்காக ஏற்பட்டதுதான் ஐபாஸ் எனப்படும் தன்னாட்சிப் பந்தயத் தீர்ப்பு அமைப்பு. ஸ்போர்ட்டிங் லைஃப் நாளிதழ் ‘கிரீன் சீல்’ என்ற பெயரில் நடத்திவந்த சமரசப் பணி அந்தப் பத்திரிகையோடு முடிந்தபோது, 1998இல் இது பிறந்தது. பிரிட்டனில் உரிமம் பெற்ற ஒவ்வொரு புக்மேக்கரும் இதைப் போன்ற அங்கீகாரம் பெற்ற ஏதேனும் ஓர் அமைப்போடு இணைந்திருக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. 2014 நவம்பர் முதல், ஜிப்ரால்டரிலோ மால்டாவிலோ உட்கார்ந்து பிரிட்டன் வாடிக்கையாளரிடம் பந்தயம் வாங்கும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

நடைமுறை இப்படி: முதலில் நிறுவனத்திடமே புகார். எட்டு வாரத்துக்குள் தீராவிட்டால், அல்லது இதுதான் எங்கள் இறுதிப் பதில் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், தீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். வாய்வழி விசாரணை இல்லை. ஆவணங்களை வைத்தே முடிவு. அதனால்தான் சீட்டு, கட்டிய நேரம், திரையின் படம், அன்றைக்கு இருந்த விதிகளின் நகல் ஆகியவை உயிர்நாடி. சூதாட்ட ஆணையம் தனிமனிதரின் பணத் தகராறைத் தீர்த்துவைப்பதில்லை. அங்கே எழுதிப் பல மாதங்களை வீணாக்குகிறவர்கள் உண்டு. தீர்ப்பு பிடிக்காவிட்டால் நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கும். அதை அடைக்கும் நிபந்தனையை எந்த நிறுவனமும் போடக் கூடாது என்பது உரிம விதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான தொகைக்குச் சிறு வழக்கு மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆவணங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர் பெரும்பாலும் நிறுவனத்தின் விதியை எடுத்து, அது சரியாகப் பயன்படுத்தப்பட்டதா என்று பார்க்கிறார். விதியே நியாயமா என்ற பெரிய கேள்வி நீதிமன்றம் வரை போகிறவர்களுக்கே வாய்க்கிறது. 2023 ஏப்ரலில் பிரிட்டன் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, சூதாட்டத்துக்கென ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும் என்று முன்மொழிந்தது.

இந்தியாவுக்கும் இந்தக் கதைக்கும் பழைய தொடர்பு உண்டு. பாட்னா அபினியின் ஏல விலை என்னவாகும் என்று கட்டிய பந்தயத்தை 1848இல், அன்றைய இந்திய வழக்குகளின் இறுதி முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் செல்லும் என்றது. ஏனெனில் 1845ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் இங்கே பொருந்தவில்லை. அதே ஆண்டு அந்தச் சட்டத்தின் வார்ப்பில் இங்கும் ஒரு சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியே 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. பிரிட்டன் 2007இல் கழற்றி எறிந்த சட்டையை நாம் இன்றும் போட்டிருக்கிறோம். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்றபடி 2025இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை முற்றாகத் தடைசெய்கிறது. வெளிநாட்டுத் தளத்தில் போன் வழியே பணம் கட்டுகிற தமிழ்நாட்டு இளைஞருக்கு, பணத்தைத் தரமாட்டோம் என்று அந்தத் தளம் சொன்னால், ஐபாஸும் இல்லை, நுகர்வோர் சட்டமும் இல்லை, உள்ளூர் நீதிமன்றமும் இல்லை. விளம்பரத்தில் எவ்வளவு பெரிய கிரிக்கெட் முகம் இருந்தாலும் இதுதான் நிலை.

பிரிட்டனில் வாழும் தமிழர்களில் சட்டப்படி பந்தயம் கட்டுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. செல்லாது என்று சொன்னால் கவுண்டரில் சத்தம் போடாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் பணத்தை இறுதித் தீர்வாக ஏற்றுக் கையெழுத்தும் போடாதீர்கள். எந்த விதியின் எந்த எண்ணின்படி ரத்து செய்தீர்கள், பிழையை எந்த நாளில் எத்தனை மணிக்குக் கண்டுபிடித்தீர்கள், அதே விகிதத்தில் கட்டித் தோற்றவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தீர்களா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு எட்டு வாரத்தை எண்ணத் தொடங்குங்கள்.